சட்டையில்லாமல் ஒரு வரிசை

ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம். மார்பு தட்டையாகிவிட்டது. குரல் உடைந்துவிட்டது. தாடி அரைகுறையாக வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டு நாலு பேர் நடுவே நிற்பது மட்டும் பாக்கி. பெண்ணாக வளர்க்கப்பட்ட ஒருவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

அதற்காகத்தான் போன சனிக்கிழமை திருவனந்தபுரம் போனேன். கோவளம் போயிருக்கலாம். ஆனால் கடற்கரையில் கழற்றுவது நம் இஷ்டம். கடைசி நிமிடத்தில் ஜகா வாங்கிவிடுவேன். கோட்டைக்குள் இருக்கும் கோவிலில் ஆண்களுக்கு அது விதி.

நாகர்கோவிலில் காலை ஆறரை பாசஞ்சர். எழுபது கிலோமீட்டர், இருபது ரூபாய், இரண்டு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ‘கிழக்கே கோட்டை’ என்கிற இடம் ஒரு கிலோமீட்டர்தான். நடக்கலாம்.

கோவிலருகே ஒரு கடையில் வேட்டி வாடகை எண்பது ரூபாய். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்கள் என்றால் சுடிதார் மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டை, போன் ரெண்டும் இங்க வெச்சிடணும், கேட்டோ."

வரிசையில் நின்றபோது மணி 9.40. மார்புக்குக் கீழே குறுக்காக இரண்டு தழும்புகள். கையைக் கட்டி மறைத்துக்கொண்டேன்; இருபக்கமும் ஓரங்கள் வெளியே தெரிந்தன. முன்னால் நின்றவர் திரும்பினார். நாற்பத்தைந்து வயது இருக்கும்; ஸ்ரீவராகத்தில் வீடு, கழக்கூட்டத்தில் வேலை என்று பிறகு சொன்னார். அவர் நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு.

"தம்பிக்கும் பைபாஸா? இந்த வயசிலயா?"

"இல்லை சார்."

"பின்ன? எனக்கு நெடுக்க ஒண்ணு, உனக்குக் குறுக்க ரெண்டுன்னா இருக்கு!"

ஏதாவது ஒரு வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "பெண்ணா வளர்ந்தவன் சார் நான். மார்பை எடுத்தாச்சு" என்றேன், தாழ்ந்த குரலில். பெண்கள் வரிசை ஆறடி தள்ளி. அவர் ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும்.

என் தாடியைப் பார்த்தார். "பாத்தா தெரியலையே."

பாராட்டாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தால் தெரிந்துவிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் என்ன சொல்வார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசை நகரவில்லை. வியர்த்தது. பிறகு, திரும்பாமலே:

"மழைக்காலத்துல அரிக்கறதோ?"

"ரொம்ப."

"எனக்கும் அப்படித்தான். சொறியப்படாது, தடிச்சுடும். தம்பி, ஒட்டி வா. இடம் விட்டா பின்னால இருக்கற மாமா நடுவுல பூந்துடுவார்."

ஒட்டிப் போனேன். கை எப்போது இறங்கியதென்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: நடை திறக்கும் நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள். சனிக்கிழமை வேண்டாம், ஒன்றரை மணி நேர வரிசை. ஆபரேஷன் செய்யாத, செய்ய விரும்பாத நண்பர்களுக்கு இந்த விதி இன்னும் மூடிய கதவுதான். தழும்பை மறைக்கும் கிரீம் 640 ரூபாய். வரிசை பாதி வருவதற்குள் வியர்வையில் கரைந்துவிடும், வாங்காதீர்கள். தரிசனம் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்விடுங்கள். நான் மறந்துவிட்டேன். வெற்று மார்போடு பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, ஒரு டீ குடித்த பிறகுதான் சட்டை ஞாபகம் வந்தது.