பள்ளத்தில் மூன்று முறை விழுந்தவர்

லட்சுமணசாமியைப் பேட்டி காண ஒருவர் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர் தாஜுன்னிசா, கல்லூரியில் வரலாறு நடத்துபவர். ஊருக்கு நடுவே ஓடும் மயிலாம்பள்ளத்தைப் பற்றியும், அந்த ஓடையின் இரு கரையிலும் முளைத்த மில், சாயப்பட்டறை, பவுண்டரிகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார்.

லட்சுமணசாமி முப்பத்தெட்டு வருடம் பவுண்டரியில் மோல்டர். பம்பு செட்டுக்கு இரும்பு ஊற்றும் மணல் அச்சுகளைச் செய்தவர். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்கய்யா, பள்ளத்துல மூணு தடவை உழுந்தவரு நீங்கதானுங்களா?"

சமையலறையில் அவர் மனைவி பங்காரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"யாருங்க மேடம் சொன்னது?"

"டீக்கடையில வழி கேட்டனுங்க. நாலு பேரும் அதைத்தான் சொன்னாங்க."

"பத்தாயிரம் அச்சுப் பண்ணியிருக்கறேன். அதை ஒருத்தனும் சொல்லலீங்களா?"

"இல்லீங்கய்யா."

லட்சுமணசாமி முகத்தைத் தொங்கப்போட்டார். பங்காரம்மா காப்பியோடு வந்து, "சொல்லுங்க, அவங்க வெயில்ல வந்திருக்கறாங்கல்ல" என்று அதட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

முதல் தடவை விழுந்தபோது அவருக்குப் பத்து வயது. மேற்கே ஒரே ஒரு நூல் மில்தான் இருந்தது. பள்ளத்தைத் தாண்ட இரண்டு பனைமரங்களைக் குறுக்கே போட்டிருப்பார்கள். வழுக்கி விழுந்தார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் டவுசரைக் கழற்றினால் பையில் இரண்டு கெண்டைக் குஞ்சுகள் துள்ளின.

இரண்டாவது தடவை, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு. அதற்குள் கரையில் சாயப்பட்டறைகள் வந்துவிட்டன. பள்ளம் திங்கள்கிழமை சிவப்பாக ஓடும், செவ்வாய்க்கிழமை பச்சையாக ஓடும். அவர் விழுந்தது நீலத்தன்று. எத்தனை சீயக்காய் தேய்த்தும் சாயம் போகவில்லை.

"தாலி கட்டற கையி நீலமா இருக்குதுங்க" என்று பங்காரம்மா இடையில் புகுந்தார். "எங்கப்பா பதறிப்போயிட்டாரு. இவங்க பெரியம்மாதான், மாப்பிள்ளைக்குக் கிருஷ்ணர் அம்சமுன்னு ஒரே போடாப் போட்டாங்க. கறுப்பு வெள்ளைப் போட்டோங்கறதால மானம் தப்பிச்சுது."

தாஜுன்னிசா சிரித்துக்கொண்டே எழுதினார். "மூணாவதுங்கய்யா?"

அவர் குரல் தணிந்தது. "அது ரெண்டாயிரத்தஞ்சுங்க. அப்ப பனைமரத்துக்குப் பதிலாப் பழைய கரண்டு கம்பம். உழுந்தனுங்க, ஆனா நனையலீங்க. பொத்துனு மணல்ல உட்கார்ந்துட்டேன். அள்ளிப் பார்த்தாக் கறுப்பா இருக்குது. எங்க பவுண்டரி மணலுங்க அது. அச்சை உடைச்சுப்போட்டு நாங்களேதான் லாரி லாரியாக் கொட்டியிருக்கறோம். நான் அச்சுப் பண்ணுன மணல் மேலயே நான் உழுந்திருக்கறேன்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவரே, "வாங்க மேடம், எடத்தைக் காட்டறேன்" என்று எழுந்தார்.

கரைக்குப் போனதும் தாஜுன்னிசா கைப்பேசியில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, அப்படியே படமும் எடுக்கலாம் என்று ஓரடி பின்னால் வைத்தார். அடுத்த நொடி ஆளைக் காணோம். கீழே, இப்போது அந்த மணலின் மேல் ஓடும் முழங்கால் ஆழச் சாக்கடையில் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் கைப்பேசியோடு வானத்தை நோக்கி நின்றது.

லட்சுமணசாமிக்குப் பதற்றம் துளியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"வாயை மூடுங்க மேடம்! கத்தாதீங்க, முதல்ல வாயை மூடுங்க! செருப்பை உட்டுப்போடுங்க, அது இனி வராது! காலை ஒதறாதீங்க, மெல்லத் திருகி எடுங்க! அப்படித்தான், அருமையா உழுந்திருக்கறீங்க!"

தோளிலிருந்த துண்டை நீட்டி மேலே இழுத்தார். வீட்டில் பங்காரம்மா குளிக்க மூன்று வாளி வெந்நீரும், உடுக்கத் தன் சேலைகளில் நல்லதாக ஒன்றும் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியில் கூட்டம். லட்சுமணசாமியும் பங்காரம்மாவும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். திரையில் பள்ளத்தின் வரைபடம் விரிந்தது. அதில் ஒரே இடத்தில் மூன்று புள்ளிகள். தெளிந்த நீர், சாயம், மணல் என்று ஒவ்வொன்றுக்கும் வருடம் போட்டிருந்தது. ஐம்பது வருடத் தண்ணீரின் நிலைக்கு அந்த இடத்தில் வேறு சாட்சியே கிடைக்கவில்லை என்று தாஜுன்னிசா சொன்னபோது லட்சுமணசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"அடுத்து ஐயாவோட குரலைக் கேட்கலாம்" என்று ஒலிப்பதிவைத் தட்டினார். எந்தப் பதிவைத் தட்டுகிறோம் என்று பார்க்கவில்லை. அரங்கம் அதிர, "வாயை மூடுங்க மேடம்!" என்று முழங்கியது. கல்லூரி முதல்வர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நிறுத்தப்போன தாஜுன்னிசா, மாணவர்கள் உருண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "அருமையா உழுந்திருக்கறீங்க" வரைக்கும் ஓடவிட்டார்.

கடைசியில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "பக்கத்துலயே பாலம் இருக்குதுங்களே தாத்தா, அதுல போயிருக்கலாமில்லீங்க?"

"கண்ணு, நான் மூணாவது தடவை உழுந்ததுக்கப்புறந்தான் அந்தப் பாலத்தையே கட்டுனாங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், எப்போதும் தான் பிடித்துக்கொள்ளும் ஜன்னலோர இருக்கையை, கேட்காமலே அவருக்கு விட்டுக்கொடுத்தார் பங்காரம்மா.