சாவடிக்காரர் வீட்டுக்குப் போகாத புதையல்

பாகூரும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஊர்கள்தான்; ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வர, இடையில் இங்கிலீஷ்காரர் எல்லையைக் கடக்க வேண்டும். அங்கே சுங்கச் சாவடி உண்டு.

சென்ற தை மாதம் என் மகள் அஞ்சலைக்குப் புதுச்சேரியில் கடற்கொள்ளைக்காரர் கதைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பிள்ளைகள் புத்தகத்தை ஒளிப்பானேன் என்று கூடையின் மேலேயே வைத்ததுதான் தவறு. சாவடிச் சேவகர், "பிரெஞ்சு சரக்கு" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த முறை போனபோது, அவர் மகன் சாவடி வாசலில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

அன்றே இன்னொரு கொள்ளைக்காரர் கதை வாங்கினேன். வண்டியிலேயே கடைசித் தாள்களைப் பிரித்து மடியில் முடிந்துகொண்டு, மீதியைக் கூடைமேல் வைத்தேன். நினைத்தபடியே சேவகர் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் வண்டியை மறித்தார். சோதனை போடப் போகிறாரோ என்று கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, பொஸ்தகத்துல கடைசித் தாளே காணோம்? புதையல் யாருக்குக் கெடைச்சிதுன்னு புள்ள சோறு துன்னாம அழுவுறான்."

"எனக்கு இன்னா தெரியும்? நான் படிக்கறதுக்குள்ள நீங்க புடுங்கிக்கினீங்களே!"

வண்டியை விட்டுவிட்டார். பையன் அழுததற்காக எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அஞ்சலையும் அழுதவள்தான்.

இப்போதெல்லாம் எந்தக் கதைப் புத்தகம் வாங்கினாலும், சாவடிக்கு முன்பே அதன் முடிவு என் மடிக்கு வந்துவிடும். புத்தகம் தப்பினால் வீட்டில் ஊசிநூலால் தைத்துக்கொள்கிறோம். தப்பாவிட்டால், சேவகர் வீட்டில் கப்பல் நடுக்கடலிலேயே நிற்கட்டும்.