குறுகிய குழலும் குட்டைக்கால் நாயும்

நான் சொன்ன பொய்களிலேயே திறமான பொய்யை டேனிஷ் மொழியில்தான் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மாடி வீடொன்றில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நாலு பேர் இருந்தோம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தில் சித்தப்பா உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவர். இங்கே அவரிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மீன் வெட்ட அது தேவைப்படவும் இல்லை.

வீட்டில் டேனிஷ் சரளமாக வந்தது எனக்கு மட்டும்தான். கொம்யூன் என்கிற நகரசபையின் கடிதத்திலிருந்து அம்மாவின் பல்வலி வரைக்கும் எல்லாம் என் வாய் வழியாகத்தான் போய் வந்தன. அந்தப் பதவி தந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

கீழ்வீட்டில் மனைவியை இழந்த ஒரு கிழவர் தன் நாயோடு இருந்தார். மண்ணில் வயிறு உரசுகிற மாதிரி நடக்கும் குட்டைக்கால் நாய். பள்ளிக்கூடம் விட்டதும் அதை நடக்கக் கூட்டிப்போவது என் வேலை. வகுப்பில் ஒருத்தியும் என்னை இன்னும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கவில்லை. அந்த ஊரில் என்னைக் கண்டதும் துள்ளிக் குதித்த ஒரே உயிர் அந்த நாய்தான்.

கிழவர் வேட்டைக்காரர். தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைக் கழுவி, குட்டித் தராசில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டுச் சமையலறை மேசையிலேயே செய்துகொள்வார். நாற்பது வருஷப் பழக்கம். அந்த வருஷத்து வசந்தத்தில், காட்டோரம் வேட்டைக்காரர் ஏறி உட்காரும் ஏணியிலிருந்து அவர் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த வேட்டைத் துவக்கின் குழல்வாய்தான் கல்லில் அடிபட்டு நெளிந்துவிட்டது. துவக்குத் திருத்துகிறவர் குழலில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்து, நுனியைச் சீராக்கிக் கொடுத்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. முன்பு போட்ட அதே மருந்தைப் போட்டுச் சுட்டபோது குறுகிய குழலின் வாயிலிருந்து நெருப்பு முழ நீளத்துக்குப் பாய்ந்தது. சத்தமும் முன்னையதை விட மோசம். பக்கத்தில் நின்ற நாய் வீடுவரை ஓடிவந்துவிட்டது. அன்றிலிருந்து துவக்கு அலுமாரியின் கதவு கிறீச்சிட்டாலே அது சோபாவுக்குக் கீழே போய்விடும். வேட்டைக்கு வராத நாயைத் தனியே வீட்டில் அடைத்துவைப்பது பாவம், ஒடென்சேயில் இருக்கும் மகளிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்று கிழவர் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. மருந்தை மாற்றிப் பார்க்கலாம், எதைப் போடுவது என்பதுதான் குழப்பம் என்றார்.

உடனே என் வாய் முந்திக்கொண்டது. என் சித்தப்பா இரசாயனப் பேராசிரியர் என்றேன். ஆசிரியர் என்றால் அந்த அவசரத்துக்குப் போதாது போலிருந்தது.

மறுநாள் பின்னேரம் கிழவர் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, மேலே வந்தார். கையில் ஒரு தடித்த புத்தகம், காகிதப் பையில் இரண்டு மருந்து டப்பாக்கள். வந்த விஷயத்தை நான் தமிழில் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். சித்தப்பா நாற்காலியிலிருந்து எழும்பி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு பிள்ளை. மன்னிக்கச் சொல்லு."

நான் கிழவர் பக்கம் திரும்பி, நல்ல டேனிஷில், சித்தப்பா மிகவும் சந்தோஷப்படுகிறார், முதலில் புத்தகத்தைத் திறக்கட்டாம் என்றேன்.

கிழவர் திறந்தார். பக்கம் முழுக்க அட்டவணை. எந்த மருந்து, எவ்வளவு நிறை, எவ்வளவு வேகம் என்று வரிசை வரிசையாக எண்கள். சித்தப்பா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பத்து வருஷம் படிப்பித்த மனிதர் எவ்வளவு நேரத்துக்குத்தான் அட்டவணையைப் பார்க்காமல் இருப்பார்? கண் தானாக இறங்கியது. கிழவர் விரல் வைத்துக் காட்டினார். மெதுவாக எரியும் மருந்துதான் இப்போதும் கூடிய வேகம் தரும் என்று கடைக்காரர் சொல்கிறார். இல்லை, கெதியாக எரிவதற்கு மாறவேண்டும் என்று இவருக்குப் படுகிறது.

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சித்தப்பா கேட்டார்: "இவருக்கு என்ன வேணுமாம்? வேகமோ, நெருப்புக் குறையிறதோ?"

இதை மட்டும் நேர்மையாக மொழிபெயர்த்தேன். கிழவர் யோசிக்கவே இல்லை. நாய் வேண்டும் என்றார்.

சித்தப்பா சிரித்துவிட்டார். டென்மார்க்குக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு பேசத் தொடங்கினார், முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளை எடுக்காமலே.

"கடைக்காரர் சொல்லுறதும் சரிதான். ஆனா குழல் குறைஞ்சபடியால் மெதுவா எரியிறது உள்ளுக்கு எரிஞ்சு முடியாது. மிச்சம் வெளியில வந்து எரியுது, அதுதான் நெருப்பு. கெதியா எரியிறதைப் போட்டா வேகம் கொஞ்சம் குறையும், நெருப்பும் குறையும். கிட்ட நிண்டு மான் சுடுறவருக்கு அது காணும்."

புத்தகத்தில் அந்த மருந்துக்குச் சொன்ன ஆகக் குறைந்த அளவில் தொடங்கவேண்டும், அதற்கு மேல் கண்மதிப்பில் கூட்டவே கூடாது என்பதை என்னை மூன்று தரம் சொல்லவைத்தார். ஒவ்வொரு தரமும் கிழவருடைய தலை ஆடுகிறதா என்று பார்த்தார். கடைசியாக, "கை கவனமெண்டு சொல்லு பிள்ளை" என்றார். நாற்பது வருஷமாகத் தோட்டா செய்கிற மனிதரிடம் குழந்தைக்குச் சொல்வதுபோல இதை எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கிழவர் போனதும் சித்தப்பா தொட்டிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார். நீங்கள் ஒன்றையும் தொடவே இல்லையே என்று நான் சிரித்தேன். "ஓம் பிள்ளை, தொடேல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை கிழவர் என்னையும் நாயையும் சுடும் திடலுக்குக் கூட்டிப்போனார். நாயும் நானும் வெகுதூரத்தில் நின்றோம். வெடி கேட்டது. நெருப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. நாய் காதை ஒருதரம் உதறியது, என் சப்பாத்தை மோந்தது, அங்கேயே நின்றது. நான் அதைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஒடென்சே மகளுக்கு அந்த வருஷம் நாய் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா யன்னலில் நின்றார். நான் நாயைத் தூக்கிக் காட்டினேன். அவர் நாயைப் பார்க்கவில்லை. கிழவர் கார்க் கதவைச் சாத்துகிற கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படியேறி வர, "அவருக்கு ஒண்டும் இல்லையே?" என்றார். அவருக்கு என்ன வந்தது, நாயைப் பற்றிக் கேட்க மாட்டாரா என்று எனக்குக் கோபம்.

சில வாரம் கழித்துக் கிழவர் நன்றிக்கு ஒரு மான் தொடை கொண்டுவந்தார். அம்மா யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறி வைத்தாள். கிழவர் வியர்த்து விறுவிறுத்துச் சாப்பிட்டார். சித்தப்பா சோறும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டார். பேராசிரியர்கள் இப்படித்தான் என்று நான் கிழவருக்கு விளக்கம் சொன்னேன்.

நான் படித்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். நாங்கள் ஊரைவிட்டு வருவதற்கு முந்திய வருஷம், சித்தப்பாவின் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேர் பாடக் கொப்பியோடு வீட்டுக்கு வந்து கேட்டார்களாம், எது கெதியாக எரியும், எது மெதுவாக எரியும் என்று. பரீட்சைக்கென்று நினைத்துச் சித்தப்பா ஆசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் கேட்டதோ குண்டு செய்வதற்கு. அதற்குப் பிறகு ஒருவன் வகுப்புக்கு வரவே இல்லை. மற்றவன் வந்தான். அவனுக்குக் கொப்பி பிடிக்கக் கை இல்லை.

அன்று நான் மொழிபெயர்க்காமல் விட்ட அந்த ‘கை கவனம்’ வரியை, சித்தப்பா அந்தப் பெடியன்களுக்கும் சொல்லாமல் விட்டிருந்தார்.