பின்வாசலில் கிடந்த செருப்பு

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு அது. ஆற்றோர வீதியில் ஒரு வீட்டின் பின்பக்கத்துக் குசினி வாசலில், படிக்குக் கீழே, இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. கடையில் ஒட்டிய விலைத் துண்டு அடிப்பாகத்தில் இன்னும் உரியவில்லை. அதை வைத்தவர் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரின் அம்மா. மகன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்க அன்று காலை வந்தவர். 

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் பஸ் பாதையில் இருக்கிறது எங்கள் சிறு நகரம். அதன் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுப்பவன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனால் சிங்களத்தைச் சிங்களவர்களைப்போலவே பேசிப் பேசி, யாரும் கேட்காதவரைக்கும் எந்த ஊர் என்று சொல்லாமல் காலத்தை ஓட்டக் கற்றிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி, யுத்தகாலம். தமிழ்ப் பெயர் வைத்திருப்பவன் வாயைக் குறைத்துக்கொள்வதே நல்லது என்று நினைத்திருந்த காலம்.

அந்த நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஓர் அபிவிருத்திக் குழு அமைத்திருந்தார்கள். அவர்களுடைய பெரிய கவலை, படித்த இளசுகள் ஊரில் தங்குவதில்லை என்பது. டாக்டர் வருகிறார், ஒரு வருடத்தில் கொழும்புக்கு மாற்றம் வாங்குகிறார். இஞ்சினியர் வருகிறார், பெட்டியைப் பிரிக்காமலே திரும்புகிறார். என்ன செய்யலாம் என்று மாதாமாதம் தேநீர் குடித்து யோசித்தார்கள். ஆற்றங்கரையில் உட்காரச் சீமெந்து வாங்குகள் போட்டார்கள். மாலையில் நடக்க ஒரு பாதை வெட்டினார்கள். நகரத்தின் எல்லையில் "நல்வரவு" என்று பலகை நட்டார்கள். மூன்று மொழியில் நட வேண்டிய பலகை இரண்டு மொழியோடு நின்றுவிட்டது. எது விடுபட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் அந்த டாக்டர் வந்தார். றக்வானைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவர். மற்றவர்கள் எங்கள் ஊர் கிடைத்தால் தலையில் கை வைப்பார்கள், இவரோ கேட்டு வாங்கி வந்திருந்தார். முதல் நாளே மருந்து ஜன்னலுக்கு வந்து, "அண்ணே, நான் இங்கேயே இருக்கப் போறேன். அம்மாவ கூட்டிட்டு வரணும். ஒரு வீடு பாத்துக் குடுங்க," என்றார். விஷயம் அவசரமானது. அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டதால் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த ஓர் அறையை, லயக் காம்பராவை, விடும்படி தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க உழைத்தாலும், வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் இல்லையென்றால் அந்தக் கூரை உங்களுடையதல்ல. ஆஸ்பத்திரி விடுதியிலோ ஒழுகும் ஓர் அறையில் ஏற்கெனவே இரண்டு பேர்.

வீடு தேடி நாங்கள் அலைந்த அலைச்சலை என்னவென்று சொல்ல. காலையில் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "டாக்டர் மாத்தயா, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று கும்பிட்டவர், பின்னேரம் தன் வெறும் வீட்டின் முன் நின்று, "ஐயோ, நேற்றுத்தான் கொடுத்துவிட்டேன்" என்றார். இன்னொருவர் மகள் திரும்பி வருகிறாள் என்றார். அவருக்கு மகளே இல்லை. தமிழரை வைத்தால் பொலிசில் பதிய வேண்டும், அந்தத் தொல்லை வேண்டாம் என்று மூன்றாமவர் உண்மையைச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டினார்கள்.

நான்காவது வீடு, அபிவிருத்திக் குழுவின் உபதலைவியுடையது. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். சிங்களத்தில் அம்மணி என்பதுபோல, எல்லோருக்கும் அவர் நோனாதான். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அதே வளவில் ஒரு சிறு வீடு கட்டி வைத்திருந்தார். "தமிழ் என்றால் பரவாயில்லை. ஆனால் எந்த மாதிரிக் குடும்பம்?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் கூசாமல் சொன்னேன்: "கொழும்பு நோனா. தகப்பன் வியாபாரம் செய்தவர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒப்பமாட்டார் என்று தெரியும். நோனா முகம் மலர்ந்தார், பொலிஸ் பதிவையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சாவி தருவதாக ஏற்பாடு.

அம்மாவும் பத்து மணிக்குத்தான் வர வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது என்று விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். மகன் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, விசாரித்து விசாரித்து எட்டு மணிக்கு முன்பே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தவர் எந்தப் பக்கம் போவார்? தோட்டத்தில் துரை பங்களாவுக்கும் சரி, கிளாக்கர் வீட்டுக்கும் சரி, எங்கள் ஆட்கள் பின்வாசலால் போய்த்தான் பழக்கம். முன்வாசலில் நிற்க எங்கள் கால்களுக்குத் தெரியாது. அவர் சுற்றிக்கொண்டு நோனாவின் குசினிப் பக்கம் போனார், செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நோனா எட்டிப் பார்த்தார். டாக்டர் வீட்டார் முன்கூட்டி அனுப்பிய வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டார். விளக்குமாற்றைக் கையில் கொடுத்து, "மிதுல அதுகாபங்" என்றார். முற்றத்தைக் கூட்டு. அம்மா கூட்டினார். பிறகு பின்விறாந்தையைக் கழுவச் சொன்னார், கழுவினார். இரண்டு மணித்தியாலம். தான் யார் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. வீட்டுக்காரி வேலை சொன்னால் செய்வது மரியாதை என்று நினைத்திருக்கிறார். மகனுக்கு வீடு கொடுக்கிற மனுஷியல்லவா.

நானும் டாக்டரும் பத்து மணிக்குப் போனபோது அவர் வெறுங்காலோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளக்குமாற்றோடு நின்றார். மகனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல வீடுப்பா. தண்ணி குழாயிலேயே வருது," என்றார். டாக்டர் அந்த விளக்குமாற்றை மெதுவாக வாங்கிச் சுவரில் சாத்தினார். பிறகு நோனாவிடம் திரும்பி, நல்ல சிங்களத்தில், "இவர் என் அம்மா" என்றார்.

நோனா வெட்கப்படுவார், ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று அந்த ஒரு கணம் நான் நம்பினேன். அவர் என்னைத்தான் பார்த்தார். "கொழும்பு என்றாயே?" பிறகு டாக்டரிடம் குரலைத் தணித்து, அன்பாகவே சொன்னார்: "நீங்கள் தனியாக என்றால் இன்றைக்கே வரலாம், டாக்டர். அம்மாவுக்குத் தோட்டம்தானே பழக்கம்? இன்றைக்கு ஒருவர் வந்தால் நாளைக்கு லயமே வந்துவிடும்." அந்த அன்புதான் என்னை இன்னும் சுடுகிறது. ஏசியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே அழைத்துப் போனார். வீதிக்கு வந்த பிறகு என்னைக் கேட்டார்: "கொழும்புன்னா சொன்னீங்க அண்ணே? எங்கம்மாவ மறைச்சா எனக்கு வீடு எடுத்தீங்க?" அம்மாதான் குறுக்கே வந்தார். "தம்பிய ஏம்ப்பா ஏசுற? நல்லதுக்குத்தானே சொல்லியிருக்கும். நான்தான் கூறுகெட்டவ, பின்பக்கமா போயிட்டேன். நாங்க என்னைக்கு முன்வாசலால போயிருக்கோம்?" பஸ் வளைவில் மறைந்த பிறகுதான், அவர் வெறுங்காலோடு அதில் ஏறியதை நான் உணர்ந்தேன்.

அடுத்த மாதமே காம்பராவை விட்டுவிட்டு அம்மா உறவினர் ஒருவரின் லயத்தில் ஒண்டிக்கொண்டார். அந்த வருடம் முடியுமுன் டாக்டர் மாற்றம் வாங்கினார், பிறகு வெளிநாடு போனார். அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவர் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. இங்கே குழுக் கூட்டத்தில், "பார்த்தீர்களா, இவர்களுக்குப் பணம்தான் பெரிது, ஊர்ப்பற்று கிடையாது" என்று பேசினார்களாம். அடுத்த டாக்டர் வரும்வரை நோயாளிகளை லொறியில் ஏற்றி இரத்தினபுரிக்கு அனுப்பினோம். வீடு இல்லையென்று கைவிரித்தவர்களின் பிள்ளைகளும் அந்த லொறியில்தான் போனார்கள். எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் இரக்கமும் வரவில்லை என்பதை மறைக்கமாட்டேன். எல்லாவற்றையும்விட என் மேல்தான் கோபம். நோனா அந்த அம்மாவை இரண்டு மணித்தியாலம் வேலைக்காரியாக்கினார். நானோ அதற்கு ஒரு வாரம் முன்பே அவரை இல்லாமலே ஆக்கிவிட்டேன்.

செருப்பை எடுக்க மறுநாள் போனேன். குப்பைக் குழிக்குப் பக்கத்தில் எறியப்பட்டுக் கிடந்தது. கழுவி ஒரு பையில் போட்டு வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கிற துணிவு வரவில்லை. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

யுத்தம் முடிந்த வருடம், இப்போது குழுவின் தலைவியாகிவிட்ட நோனா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாடு ஒன்றாகிவிட்டதாம், இனித் தமிழ்ப் பிள்ளைகளும் இங்கே வந்து குடியேறலாமாம். "இளம் நிபுணர்களே, எமது நகரில் வாழ வாருங்கள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியிருந்தார்கள். ஆறு, குளிர்ந்த காற்று, நடைபாதை, நல்ல பாடசாலை. அதைத் தமிழாக்க வேண்டும். அந்தக் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அன்று மாலை உட்கார்ந்து, ஆற்றையும் காற்றையும் நடைபாதையையும் ஒன்றும் குறையாமல் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நோனா தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "தமிழில் ஒரு வரி அதிகமாக இருக்கிறதே?" என்றார். "தமிழில் அப்படித்தான் நோனா, கொஞ்சம் நீளும்," என்றேன்.

பிரசுரம் அச்சாகி, தபால் கந்தோர் சுவரிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டப்பட்டது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தேன். வார் வெடித்துவிட்டது, விலைத் துண்டு மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சேர்த்த கடைசி வரி இதுதான்: "வருமுன், உங்கள் அம்மா முன்வாசலால் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்."