மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொடுத்தேன்

வகுப்பறையில் என் மேசைமேல் இணைப்பில்லாத ஒரு பழைய தொலைபேசி இருக்கும். கல்லூரி அலுவலகத்தில் கழித்துப் போட்டதை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். சிவப்பு நிறம், ஒன்பதாம் எண் பொத்தான் மட்டும் உள்ளே அமுங்கிப் போயிருந்தது. இரண்டாமாண்டு வணிகவியல் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசப் பழக்குவது என் வேலை. கொடைக்கானலில் அந்த வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இலக்கணத்துக்காக வருவதில்லை. ஏதாவது ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்கும் நாளை நினைத்துக்கொண்டு வருவார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் விருந்தாளியாகக் குறை சொல்வார். ரிசீவரைப் பிடித்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும். வெந்நீர் வரவில்லை, போர்வை ஈரமாக இருக்கிறது, குரங்கு உள்ளே வந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று விதவிதமாகக் குறைகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குரங்குக் குறைக்கு ஒரு மாணவி சொன்ன பதிலால்தான் அவளை நான் முதன்முதலில் கவனித்தேன். "ஜன்னலை நீங்கள்தான் சாத்தியிருக்க வேண்டும், சார். அறைக்குள் எழுதி ஒட்டியிருக்கிறோம்" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் மகள். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். ஸ்வெட்டரில் பனி ஈரம் காய்ந்திருக்காது. பாடம் புரிந்தால் மற்றப் பிள்ளைகள் "புரிஞ்சிருச்சு மேடம்" என்பார்கள். அவள் மட்டும் "விளங்கிருச்சு மேடம்" என்பாள்.

அவளிடம் நான் கண்ட ஒரே குறை, அவளுக்கு மன்னிப்புக் கேட்க வராது என்பதுதான். விருந்தாளி எவ்வளவு கத்தினாலும் நடந்ததை நடந்தபடி விளக்குவாள். விருந்தினர் தொழிலில் முதலில் தவறை நம்மேல் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் எதிராளியின் கோபம் தணியும் என்று நான் சொன்னேன்.

"செய்யாத தப்புக்கு எதுக்கு மேடம் சாரி சொல்லணும்?"

"அது மன்னிப்பு இல்லம்மா, மரியாதை. இங்கிலீஷ்ல அப்படித்தான். யாரும் அதை நெசம்னு எடுத்துக்க மாட்டாங்க."

அப்படி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு அவளை முன்னால் நிறுத்தி, "ஐயாம் எக்ஸ்ட்ரீம்லி சாரி மேடம், இட் வாஸ் மை மிஸ்டேக்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். முதல் சில தடவை 'மை' என்ற இடம் வந்ததும் அவள் நிறுத்திவிடுவாள். அந்த வாரம் முழுதும் விடாமல் பழக்கினேன். கடைசியில் தங்குதடையில்லாமல், லேசான புன்னகையோடு சொன்னாள். செய்முறைத் தேர்வில் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

படிப்பு முடிந்ததும் ஏரிக்கு அப்பால் இருந்த ஒரு ரிசார்ட் அவளை வரவேற்பு மேசைக்கு எடுத்துக்கொண்டது. அவளுடைய அப்பா ஒரு பை நிறைய பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க பிள்ளைக்கு நாக்கத் திருத்திக் குடுத்துட்டீங்க டீச்சரம்மா" என்று அவர் சொன்னதை நான் அன்று துறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த சீசனில், மே மாதக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு நாள், அந்த ரிசார்ட்டில் தங்கியிருந்த ஓர் அம்மாள் தன் வளையல் பையை வரவேற்பு மேசையில் கொடுத்து வைத்ததாகவும், இப்போது அதைக் காணவில்லை என்றும் சத்தம் போட்டிருக்கிறார். என் மாணவி அப்படி ஒரு பையை வாங்கவே இல்லை. ஆனால் சுற்றிலும் ஆட்கள் கூடி, அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கத்தக் கத்த, நான் பழக்கிய வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த அம்மாளின் மகன் அதைத் தன் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தான். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, 'தவறு என்னுடையது என்று இந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டாள்' என்று எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, அன்றே அவளை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் அப்பாவும் மகளும் துறைக்கு வந்தார்கள். அவள் அழவில்லை. செய்ய வேண்டியதைத் தெளிவாக யோசித்து வைத்திருந்தாள்.

"ஸ்டேஷனுக்கு ஒருக்கா வந்து சொல்லுங்க மேடம். இது நம்ம கிளாஸ்ல எல்லாரும் படிச்ச வாக்கியம், அர்த்தம் வச்சுச் சொல்றதில்லன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

நியாயமான கோரிக்கை. நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தால் போதும். ஆனால் அந்த மாதமே அதே ரிசார்ட் எங்கள் இறுதியாண்டு மாணவர்களை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. நானோ ஒப்பந்த ஆசிரியை. ஜூன் மாதம் வந்தால்தான் அடுத்த வருட வேலைக்கான ஆணை கைக்கு வரும். துறைத் தலைவர் தம் நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வர முடியாது என்று சொல்லியிருந்தால்கூட அது கோழைத்தனத்தோடு போயிருக்கும். நான் சொன்னது வேறு.

"எந்த எடத்துல எதைச் சொல்லணும்னு பாத்துப் பேச வேண்டாமா? சின்னக் குறைக்குத்தான அந்த வாக்கியம்? திருட்டு விஷயத்துல அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நான் கிளாஸ்ல சொல்லியிருக்கேன்ல?"

நான் சொன்னதே இல்லை. அது அவளுக்குத் தெரியும். நான் சொன்னது பொய்யென்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் அவள், "சரிங்க மேடம்" என்றாள். அவளுடைய அப்பா மகள் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க, நீ விளங்கிக்கிடாம பேசிட்டியே பிள்ளை" என்றார். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நாலைந்து நாளில் வளையல் பை கிடைத்துவிட்டது. ஊர் திரும்பிய அந்த அம்மாளின் பெட்டியிலேயே, சால்வை மடிப்புக்குள் இருந்திருக்கிறது. நேர்காணல் விஷயமாகப் பேசிய மேலாளர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவும், அந்தப் பெண் வேண்டுமானால் மறுபடி வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார். அவள் போகவில்லை. பண்ணைக்காட்டுக்குப் பஸ்ஸில் போய் அவளைப் பார்க்க வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் நினைத்தேன். ஜூனில் எனக்கு ஆணை வந்தது. நான் போகவே இல்லை.

சென்ற மாதம் பழனிக்குப் போயிருந்தேன். அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் விற்பனை மேசைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற வடநாட்டுக்காரர் ஒருவர், டப்பா நசுங்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சண்டைக்கு வந்தார். "நான் கொடுத்தபோது நசுங்கவில்லை, சார். இருந்தாலும் மாற்றித் தருகிறேன்" என்று அவள் நிதானமான ஆங்கிலத்தில் சொல்லி வேறு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாங்க மேடம்" என்றாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. இத்தனை வருடமாக மனதுக்குள் கோத்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னைக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கணும்மா."

"ஆமா மேடம், வந்திருக்கணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றாள்.

"நான் எடுக்கலன்னு அவருக்குத் தெரியும் மேடம். ஆனா நீங்க சொல்லிக் குடுத்தத நான்தான் சரியா விளங்கிக்கிடாம பேசி வேலைய விட்டுட்டேன்னு கடைசி வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தாரு. 'டீச்சரம்மா பொய் சொல்லுவாங்களா பிள்ளை'ம்பாரு. நானும் அதத் திருத்தாம விட்டுட்டேன். அவருக்கு உங்க மேல அம்புட்டு மரியாத."

பின்னாலிருந்து யாரோ "வெரசாப் போங்கம்மா" என்றார்கள். அவள் ஒரு டப்பாவைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். கொடைக்கானல் பஸ் எங்கே நிற்கும் என்று நான் கேட்காமலேயே கைகாட்டினாள். பிறகு அடுத்து நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்ங்க?" என்றாள்.