கிள்ளுகிற பிள்ளை

என் மகள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, காலையில் சீருடையைக் கண்டாலே வயிறு வலிக்கிறது என்பாள். இரண்டு மூன்று நாள் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். ஒருநாள் குளிப்பாட்டும்போதுதான் முழங்கைக்கு மேலே கன்றிப்போன நகத் தடங்கள் கண்ணில் பட்டன. பக்கத்தில் உட்காரும் பிள்ளை கிள்ளுகிறாளாம்.

எழுபதுகளின் கடைசி அது. போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். அங்கேயே அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு மலையில், போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வேலை. படிப்புக்காகப் பிள்ளையை இங்கே சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். வகுப்பில் சிலேட்டை உடைப்பாள், பாடம் நடக்கும்போது கத்துவாள், சடையைப் பிடித்து இழுப்பாள்.

“அவகூடப் பேசாத. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத” என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா? எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரிடமும் அதையே சொன்னேன். ஒரே வாரத்தில் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. சேட்டை குறையவில்லை, கூடியது. தலைமை ஆசிரியரிடம் போய், அவள் அம்மாவை வரவழைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அந்த அம்மா வந்தாள். மலையிலிருந்து ஜீப்பில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல, புடவையெல்லாம் செம்மண். என்னைவிடச் சின்னவள். “தப்பா நெனைக்காதீகக்கா. சோலிய விட்டுட்டு அடிக்கடி எறங்கி வர முடியல” என்றாள். பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துத் தன் மகளை அடித்தாள். முதுகில், தோளில், கன்னத்தில். பிள்ளை அழவில்லை. அடிக்கிறவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஓடிப்போய் நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் சொன்னாள்: “அவ சொன்ன மாதிரியே அவுங்க அம்மா வந்துட்டாங்கம்மா.”

“என்ன சொன்னா?”

“சேட்டை பண்ணுனா டீச்சர் எங்காத்தாளக் கூட்டியாரச் சொல்லுவாகன்னு சொன்னா. நான் அவகூடப் பேசுறப்பவே சொன்னா.”

“ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கலயே.”

மறுநாள் பணியாரம் சுட்டு, அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அப்படியே திரும்பி வந்தது. “நீதானம்மா அவகூடச் சேரக்கூடாதுன்ன” என்றாள் மகள். அடுத்த நாள் நானே பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். நான் கையை நீட்டியதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்தாள். அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கிள்ளவில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று டீச்சர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருப்பாளாம்.

கோடை விடுமுறைக்கு மலைக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் சித்தியைச் சந்தையில் பார்த்தபோது கேட்டேன். “அவுக ஆத்தாகூடவே இருக்கட்டும்னு விட்டுட்டோம்” என்றாள். அங்கே பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டதற்கு, “அங்குட்டு ஏதுக்கா பள்ளிக்கூடம்?” என்று சிரித்தாள். அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாளே என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை.

என் மகளுக்கு இப்போது அவளை ஞாபகமே இல்லை. சொன்னால், “அப்படி ஒருத்தி இருந்தாளா?” என்கிறாள்.