கடைசி அலசில் ஆசிட்

அவிநாசிபாளையம் பக்கம், ஒரு சாயப்பட்டறையின் பின்கட்டில்தான் என் ஆய்வுக்கூடம். நான்கு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அங்கே ஒரு டப்பா தூள் செய்தேன். கண்ணுக்குத் தெரியாத துகள்கள், ஒவ்வொன்றிலும் பொந்துகள். பொந்துக்குள் அரிப்பை அடக்கும் மருந்து, வாயில் ஒரு மூடி. வியர்வையின் புளிப்பு பட்டால்தான் மூடி திறக்கும். பனியன் துணியில் இதை ஏற்றினால், வியர்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கசிய வேண்டும்.

துணியில் ஏற்றும் வேலையைச் சாய மாஸ்டரிடம் கொடுத்தேன். முப்பது வருட அனுபவம். நான் எழுதிய செய்முறைத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க போங்க மேடம், நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

மறுநாள் துணியைச் செயற்கை வியர்வையில் முக்கிப் பார்த்தேன். மருந்து ஒரு பொட்டுகூட வரவில்லை.

"கடைசியா என்ன குடுத்தீங்க மாஸ்டர்?"

"எப்பவும்போல ஆசிட் தண்ணீல ஒரு அலசுங்க. சோடாக் காரம் துணியில நின்னா, போடறவங்களுக்கு மேலெல்லாம் அரிக்குமுங்க."

வியர்வைக்குத் திறக்க வேண்டிய மூடிகள் எல்லாம் அந்த அலசின் புளிப்பிலேயே திறந்து, மருந்து கழிவுநீரோடு போய்விட்டது. இந்த ஊரில் ஆசிட் கொடுக்காமல் எந்தத் துணியும் மிஷினை விட்டு இறங்காது. அது எனக்குத் தெரியாததா? என் தாளில் 'ஆசிட் கூடாது' என்று ஒரு வரி இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலாளி வந்து, "யாருங்க ஆசிட் உட்டது?" என்றார்.

"மாஸ்டருங்க" என்றேன். பொய் இல்லை. மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். என் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். "அத அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?" என்றார். மாஸ்டரிடமும் சொன்னேன். "அட உடுங்க மேடம்" என்று சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன்.

மறுபடி தூள் செய்து முடிக்க இன்னொரு நான்கு மாதம். இந்த முறை துணியை மிஷினில் போடும் முன்னே, மாஸ்டர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"ஆசிட் வேண்டாம்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தத் துணியில் மருந்து நான் நினைத்தபடியே வந்தது. "நீங்க போங்க மேடம், நான் பாத்துக்கறனுங்க" என்று மட்டும் அவர் அதற்குப் பிறகு என்னிடம் சொன்னதே இல்லை.